அமெரிக்காவின் இரண்டாவது திருத்தம்: துப்பாக்கி தனிமனித உரிமையா, குடிப்படைக் கடமையா?

நூலகவாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். சில மாதங்களாக அரசியலமைப்பு வரலாறு படித்துவருகிறேன். அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தத்துக்கு வந்த இடத்தில் மேலே நகர முடியாமல் நிற்கிறேன். 1791 டிசம்பர் 15 அன்று உறுதிசெய்யப்பட்ட அந்த வாசகம் ஆங்கிலத்தில் வெறும் 27 சொற்கள். நான் அதைத் தமிழில் இப்படி எழுதிவைத்திருக்கிறேன்: “நன்கு ஒழுங்குபடுத்தப்பட்ட குடிப்படை ஒரு சுதந்திர அரசின் பாதுகாப்புக்கு இன்றியமையாதது, ஆதலால், ஆயுதங்களை வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்கு உள்ள உரிமை மீறப்படலாகாது.”

முன்பாதி மிலிஷியா எனப்படும் குடிப்படையைப் பற்றிப் பேசுகிறது, பின்பாதி மக்களைப் பற்றிப் பேசுகிறது. 2008-இல் ஹெல்லர் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் இது தனிமனித உரிமையே என்று தீர்ப்பளித்தது. எதிர்த்த நான்கு நீதிபதிகளும் அதே பதினெட்டாம் நூற்றாண்டு ஆவணங்களைக் காட்டித்தான் எதிர்த்தார்கள் என்பதே என்னைக் குழப்புகிறது. இன்றைய அரசியல் சண்டையை விட்டுவிடுவோம். அன்றைக்கு ஒரு சாதாரணக் குடியானவரோ கடைக்காரரோ இதை எப்படிப் புரிந்துகொண்டிருப்பார்? வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருந்ததா? இருந்தது என்றால், அதில் அரசு தலையிட்டதா? படித்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சுவடிப்பிரியன் எழுதியது:

நண்பரே, ‘உரிமையா, கடமையா’ என்று பிரித்துக் கேட்பது நம் காலத்துப் பழக்கம். அன்றைக்கு இருந்தவர்களுக்கு அவை இரண்டும் ஒரே துப்பாக்கியின் இரு முனைகள். இதற்கு மிகத் தெளிவான சான்று திருத்தம் நிறைவேறிய அடுத்த ஆண்டே வந்த சட்டத்தில் இருக்கிறது.

1792 மே 8 அன்று நிறைவேறிய குடிப்படைச் சட்டம், 18 வயது நிரம்பிய, 45 வயதுக்கு உட்பட்ட, உடல்வலுவுள்ள, அடிமையல்லாத ஒவ்வொரு வெள்ளை ஆண் குடிமகனையும் குடிப்படையில் பதிவு செய்யச் சொன்னது. பதிவு செய்யப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் தம் சொந்தச் செலவில் ஒரு நல்ல மஸ்கட் துப்பாக்கி, அதன் முனையில் மாட்டும் பயனெட், உபரியாக இரண்டு சக்கிமுக்கிக் கற்கள், முதுகுப்பை, குறைந்தது 24 தோட்டாக்கள் கொள்ளும் பை ஆகியவற்றை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ரைஃபிள் வைத்திருப்பவராக இருந்தால் 20 ஈயக்குண்டுகளும் கால் பவுண்டு வெடிமருந்தும் போதும். அரசு துப்பாக்கி கொடுக்கவில்லை, வாங்கு என்று ஆணையிட்டது. அதே சட்டத்தில் இன்னொரு விதி வருகிறது: இப்படி வாங்கிய ஆயுதங்களைக் கடனுக்காகவோ வரிபாக்கிக்காகவோ யாரும் ஜப்தி செய்யக் கூடாது. துப்பாக்கி அவருடைய சொந்தச் சொத்து, அதேசமயம் குடியரசின் தளவாடம். அதனால்தான் கடன் கொடுத்தவர் மாட்டையும் வண்டியையும் ஓட்டிச் செல்லலாம், அதைத் தொட முடியாது. (சட்டம் இருந்ததே தவிர, அதை மீறுவோருக்கு மத்திய அரசின் தண்டனை எதுவும் அதில் இல்லை. பல மாநிலங்களில் துப்பாக்கி இல்லாமலேயே அணிவகுப்புக்கு வந்து நின்றவர்கள் ஏராளம்.)

இப்படி ஓர் ஏற்பாட்டை அவர்கள் ஏன் விரும்பினார்கள் என்றால், நிலைப்படையின் மீது, அதாவது அரசு நிரந்தரமாகச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் படையின் மீது, இருந்த அச்சத்தால்தான். 1774 செப்டம்பர் 1 அன்று மாசசூசெட்ஸின் பிரிட்டிஷ் ஆளுநரான ஜெனரல் கேஜ், பாஸ்டனை அடுத்திருந்த வெடிமருந்துக் கிடங்கிலிருந்து 250 அரைப்பீப்பாய் மருந்தைப் படையினரைக் கொண்டு எடுத்துச் சென்றார். செய்தி பரவியதும் சுற்று வட்டாரத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். மறு ஆண்டு ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டனிலும் கான்கார்டிலும் வெடித்த மோதலுக்குக் காரணமும் இதுவே: கான்கார்டில் சேர்த்துவைத்திருந்த ஆயுதங்களையும் மருந்தையும் அழிக்கத்தான் படை கிளம்பியது. அதற்கு அடுத்த நாள் இரவு வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்கில் ஆளுநர் டன்மோர் கிடங்கிலிருந்த 15 அரைப்பீப்பாய் மருந்தை இரவோடிரவாகக் கடத்தினார். துப்பாக்கியைப் பிடுங்க வேண்டிய அவசியமே இல்லை, மருந்தை எடுத்துவிட்டால் துப்பாக்கி வெறும் இரும்புக் குழாய் என்பதை இரு தரப்பாரும் அறிந்திருந்தார்கள்.

வீட்டுக்கு வீடு இருந்ததா என்ற கேள்விக்கு ஓர் எண்ணைச் சொல்கிறேன். பாஸ்டன் முற்றுகையிடப்பட்டபோது, ஆயுதங்களை ஒப்படைத்தால் நகரைவிட்டு வெளியேறலாம் என்று கேஜ் வாக்களித்தார். 1775 ஏப்ரல் இறுதியில் நகரத்தார் கொண்டுவந்து வைத்தவை: 1,778 துப்பாக்கிகள், 634 கைத்துப்பாக்கிகள், 973 பயனெட்டுகள், 38 அகன்றவாய்த் துப்பாக்கிகள். ஒப்படைத்த பிறகு பலரை அவர் வெளியே விடவில்லை என்பது வேறு கதை. அந்தக் கசப்பு அதே ஆண்டு ஜூலையில், ஆயுதம் எடுத்ததற்கான காரணங்களை விளக்கிக் காலனிகளின் காங்கிரஸ் வெளியிட்ட பிரகடனத்திலேயே பதிவாகியிருக்கிறது. இறந்தவர்களின் சொத்துப் பட்டியல்களை எண்ணிப் பார்த்து, துப்பாக்கி மிக அரிதாகவே இருந்தது என்று வாதிட்ட ஒரு நூலுக்குக் கொடுத்த, வரலாற்று நூல்களுக்கான பான்கிராஃப்ட் பரிசு, தரவுகளில் குளறுபடி இருந்ததாகத் தெரியவந்ததும் 2002-இல் திரும்பப் பெறப்பட்டது. எனவே அந்த வாதத்தை எங்கேனும் பார்த்தால் எச்சரிக்கையாக இருங்கள்.

பழைய வழக்குரைஞர் எழுதியது:

சுவடிப்பிரியன் சொன்ன செய்திகள் சரி. ஆனால் குடிப்படையை மட்டுமே முன்னிறுத்தினால் பாதிச் சித்திரம்தான் கிடைக்கும். ‘தற்காப்பு’ என்ற இழை அதற்கு நூறாண்டு முன்பிருந்தே தனியாக ஓடிவருகிறது.

1689-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் உரிமைகள் சாசனம், புராட்டஸ்டன்ட் சமயத்தைச் சேர்ந்த குடிகள் தங்கள் தற்காப்புக்காக, தம் நிலைக்கு ஏற்றவாறும் சட்டம் அனுமதிக்கும் அளவிலும் ஆயுதங்கள் வைத்துக்கொள்ளலாம் என்றது. அந்த வாக்கியத்தை நிதானமாகப் படியுங்கள்: உரிமையும் இருக்கிறது, மூன்று வேலிகளும் இருக்கின்றன. 1765-இல் வெளிவந்த தம் சட்ட விளக்கவுரையின் முதல் தொகுதியில் ஆங்கிலேயச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன் இதை ஐந்தாவது துணையுரிமை என்று எண்ணி, தன்னைக் காத்துக்கொள்ளும் இயற்கை உரிமையோடு இணைத்தார். காலனிகளில் வழக்குரைஞர் என்று சொல்லிக்கொண்டவர் எவரும் அந்த நூலைப் படிக்காமல் இருந்திருக்க மாட்டார்.

அடுத்து மாநிலங்களைப் பாருங்கள். 1776 ஜூன் மாத வர்ஜீனியா பிரகடனம் ‘ஆயுதப் பயிற்சி பெற்ற மக்கள் திரளான குடிப்படை’ என்று மட்டும் சொல்கிறது. அதே ஆண்டு வர்ஜீனியாவுக்கு ஜெஃபர்சன் எழுதிய வரைவில் சுதந்திர மனிதர் எவருக்கும் ஆயுதப் பயன்பாடு மறுக்கப்படாது என்றிருந்தது, ஆனால் அது ஏற்கப்படவில்லை. பென்சில்வேனியா 1776-இல் ‘தங்களையும் அரசையும் காக்க’ ஆயுதம் ஏந்தும் உரிமை என்றது. மாசசூசெட்ஸ் 1780-இல் ‘பொதுப் பாதுகாப்புக்காக’ என்றது. ஒரே தலைமுறையைச் சேர்ந்தவர்கள், ஒரே போரில் நின்றவர்கள், மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள். இதில் எந்த ஒன்றை எடுத்து ‘முன்னோரின் கருத்து இதுவே’ என்று சொன்னாலும் மற்ற இரண்டையும் மறைத்தாக வேண்டும்.

என் கட்சிக்கு வலுச்சேர்க்கும் ஆவணம் ஒன்றையும் குறிப்பிடுகிறேன். 1787 டிசம்பரில், புதிய அரசியலமைப்பை ஏற்பதா என்று முடிவு செய்யக் கூடிய பென்சில்வேனியா மாநாட்டில் அதை எதிர்த்துத் தோற்ற சிறுபான்மையினர் வெளியிட்ட அறிக்கை, தங்களையும் மாநிலத்தையும் நாட்டையும் காப்பதற்காகவோ வேட்டையாடுவதற்காகவோ ஆயுதம் ஏந்தும் உரிமை மக்களுக்கு உண்டு என்று கேட்டது. குற்றம் புரிந்தவர்களையும் பொதுமக்களுக்கு உண்மையான ஆபத்து விளைவிக்கக்கூடியவர்களையும் மட்டும் அது விலக்கியது. வேட்டையைக் குடிப்படைக் கடமை என்று யாரும் சொல்ல முடியாதல்லவா? மேலும், 1789 செப்டம்பர் 9 அன்று ‘பொதுப் பாதுகாப்புக்காக’ என்ற சொற்களைத் திருத்தத்தில் சேர்க்க வேண்டும் என்ற முன்மொழிவை மேலவை (செனட்) தள்ளுபடி செய்தது.

நூலகவாசி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. வழக்குரைஞர் ஐயாவிடம் ஒரு துணைக் கேள்வி. 1783-ஆம் ஆண்டு பாஸ்டனில் வீட்டுக்குள் குண்டேற்றிய துப்பாக்கி வைத்திருக்கவே தடை இருந்ததாக ஹெல்லர் தீர்ப்பின் மாறுபட்ட கருத்தில் படித்தேன். தனிமனித உரிமை அவ்வளவு உறுதியாக இருந்திருந்தால் இந்தச் சட்டம் எப்படி வந்தது? மூன்றாண்டுக்கு முன்புதானே அந்த மாநிலம் உரிமைப் பிரகடனம் எழுதியது?

பழைய வழக்குரைஞர் எழுதியது:

நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். 1783 மார்ச் 1 அன்று வந்த அந்தச் சட்டம், பாஸ்டன் நகருக்குள் எந்த வீடு, லாயம், களஞ்சியம், கடை, கிடங்கு ஆனாலும், மருந்து அடைத்த துப்பாக்கியைக் கொண்டுசென்றால் 10 பவுண்டு அபராதம் என்றது. ஆனால் காரணம் அதன் முகவுரையிலேயே இருக்கிறது: தீப்பிடிக்கும்போது அணைக்க ஓடிவருபவர்களின் உயிருக்கு அந்தத் துப்பாக்கிகள் ஆபத்து. பெரும்பாலும் மரத்தால் கட்டிய நெருக்கமான நகரம் அது. எரியும் வீட்டுக்குள் வாளியோடு நுழைபவரின் முகத்துக்கு நேரே சுவரில் மாட்டிய துப்பாக்கி வெடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நியூயார்க் நகரில் 1784-இல் ஒருவர் 28 பவுண்டு வெடிமருந்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, அதையும் நான்காகப் பிரித்து வைக்க வேண்டும் என்று விதித்ததும் தீக்கு அஞ்சித்தான். பிலடெல்பியாவில் 1721-லேயே ஆளுநரின் சிறப்பு அனுமதியின்றி நகருக்குள் துப்பாக்கி சுடத் தடை வந்துவிட்டது.

இந்தச் சட்டங்களை ஹெல்லர் வழக்கின் இரு தரப்பும் பயன்படுத்தின. எதிர்த்தவர்கள், பார்த்தீர்களா, கட்டுப்பாடு அன்றே இருந்தது என்றார்கள். தீர்ப்பெழுதிய நீதிபதி ஸ்காலியா, இது தீத்தடுப்பு விதி, தற்காப்புக்குக் குண்டேற்றுவதைத் தடுக்க வந்ததன்று என்றார். என் சொந்தக் கருத்து: உரிமை இருந்தது, ஆனால் அதன் எல்லையை நகராட்சியும் சட்டமன்றமும் சாதாரணமாக நகர்த்திக்கொண்டிருந்தன, அதை யாரும் கொடுங்கோன்மை என்று எண்ணவில்லை. இதில் என் கட்சிக்குப் பாதகமான பகுதி உண்டு என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

சுவடிப்பிரியன் எழுதியது:

மருந்தைப் பற்றிப் பேச்சு வந்ததால், அந்தத் துப்பாக்கியைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பார்ப்போம். முன்வாயில் மருந்து கொட்டி, குண்டைப் போட்டு, கோலால் இடித்து இறக்கி, பக்கவாட்டுக் கிண்ணத்தில் சிட்டிகை மருந்து வைத்து, குதிரையை இழுத்துச் சுட வேண்டும். பயிற்சி பெற்ற படைவீரர் நிமிடத்துக்கு மூன்று முறை சுட்டால் அதிகம். கரிமருந்து காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் நாள்கணக்கில் அடைத்து வைத்தால் நமத்துப்போகும், குழலும் அரிக்கும். அடைத்ததை வெளியே எடுப்பதற்குச் சுலபமான வழி சுட்டுவிடுவதுதான். இத்தகைய கருவியை எப்போதும் தயாராகத் தலைமாட்டில் வைத்துக்கொள்வது இன்றைய கைத்துப்பாக்கியைப் போல எளிதன்று. தற்காப்பு உரிமை இல்லை என்று சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் ‘ஆயுதம்’ என்று எழுதியபோது கண்முன் நின்ற பொருள் எது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் இதுவரை நாம் மூவரும் தொடாத சொல் ஒன்று இருக்கிறது: ‘மக்கள்’. அது யார்? வர்ஜீனியாவின் 1723-ஆம் ஆண்டுச் சட்டம் கறுப்பினத்தவரும் பூர்வகுடிகளும், அவர்களுள் அடிமையல்லாதவர்களும்கூட, துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுத்தது. குடித்தனக்காரர், குடிப்படையில் சேர்க்கப்பட்டவர் போன்ற சிலருக்கு மட்டுமே விலக்கு. 1739-இல் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் கிளம்பிய அடிமைகள் முதலில் ஒரு கடையை உடைத்து எடுத்தவை துப்பாக்கிகளும் மருந்துமே. அடுத்த ஆண்டே கடுமையான அடிமைச் சட்டம் வந்தது. தெற்கில் இரவுக் காவல் சுற்றியவர்களும் குடிப்படையிலிருந்து வந்தவர்களே என்பதை மறக்கலாகாது. பென்சில்வேனியாவிலோ நிறம் மட்டும் அளவுகோல் ஆகவில்லை: ‘தங்களைக் காக்க’ என்று 1776-இல் அழகாக எழுதிய அதே மாநிலம், 1777 ஜூனில், விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுப்போரின் ஆயுதங்களைப் பறிக்கச் சட்டம் இயற்றியது. மன்னருக்கு ஆதரவானவர்கள் மட்டுமல்லாமல், சமய நம்பிக்கையால் பிரமாணமே எடுக்காத குவேக்கர்களும் அதில் அடங்கினார்கள். மாசசூசெட்ஸில் கடனாலும் வரியாலும் நொந்த குடியானவர்கள் நடத்திய ஷேய்ஸ் கிளர்ச்சி 1787-இல் அடங்கிய பிறகு, மன்னிப்புப் பெற்றவர்கள் ஆயுதங்களை ஒப்படைத்து மூன்றாண்டு அமைதி காத்த பிறகே அவற்றைத் திரும்பப் பெற முடிந்தது.

1857-இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில் தலைமை நீதிபதி டேனி, கறுப்பினத்தவரைக் குடிமக்களாக ஏற்றால் என்னென்ன உரிமை கிடைத்துவிடும் என்று அச்சத்தோடு அடுக்கிய பட்டியலில், போகுமிடமெல்லாம் ஆயுதம் வைத்திருப்பதும் தாங்கிச் செல்வதும் ஒன்று. வெறுப்பில் எழுதிய வரிதான், ஆனால் குடிமகனுக்கு அந்த உரிமை உண்டு என்பதை அவர் ஐயமின்றி எடுத்துக்கொள்கிறார் பாருங்கள். தனிமனித உரிமைக்கு இதைவிடத் துல்லியமான சான்று அரிது, இதைவிட அவமானகரமான சான்றும் அரிது.

இலக்கணக்காரன் எழுதியது:

வரலாறு எனக்கு அவ்வளவாகத் தெரியாது, மொழிபெயர்ப்பைப் பற்றி மட்டும் இரண்டு வார்த்தை. நூலகவாசி அவர்கள் ‘ஆதலால்’ என்று எழுதியதுமே தீர்ப்பு எழுதிவிட்டார். ஆங்கில மூலத்தில் அப்படி வெளிப்படையான காரணச்சொல் கிடையாது. நம் இலக்கணத்தில் ‘செய’ என்னும் வாய்பாட்டு எச்சம் இருக்கிறதல்லவா? ‘மழை பெய்ய நெல் விளைந்தது’ என்றால் மழை காரணம். ‘ஞாயிறு பட வந்தான்’ என்றால் ஞாயிறு மறைந்ததால் அவன் வரவில்லை, இரண்டும் உடன் நிகழ்ந்தன. ‘குடிப்படை இன்றியமையாததாய் இருக்க, மக்களின் உரிமை மீறப்படலாகாது’ என்று எழுதினால் மூலத்தின் இரட்டைத்தன்மை அப்படியே தங்கும். மழையா ஞாயிறா என்று நீதிபதிகள் சண்டை போட்டுக்கொள்ளட்டும்.

இன்னொன்று, ‘வைத்திருத்தல்’ வேறு, ‘ஏந்துதல்’ வேறு. தமிழிலும் ‘ஆயுதம் ஏந்தினார்கள்’ என்றால் போருக்கோ கிளர்ச்சிக்கோ கிளம்பிவிட்டார்கள் என்றுதான் கொள்கிறோம். முயல் வேட்டைக்குப் போகிறவரை அப்படிச் சொல்வதில்லை. ஆங்கிலத்திலும் அப்படித்தானா?

பழைய வழக்குரைஞர் எழுதியது:

நீங்கள் முயலைச் சொன்னீர்கள், 1840-இல் டென்னசி மாநில உச்ச நீதிமன்றம் ஐமெட் வழக்கில் மானையும் எருமையையும் சொன்னது! நாற்பது ஆண்டுகள் தினந்தோறும் துப்பாக்கியோடு வேட்டைக்குப் போனவரைக்கூட ‘ஆயுதம் ஏந்தினார்’ என்று எவரும் சொல்ல மாட்டார்கள் என்பது அந்தத் தீர்ப்பின் புகழ்பெற்ற வரி. ஆடைக்குள் பெரிய கத்தியை மறைத்துச் சென்றவரின் வழக்கு அது; தண்டனை உறுதியானது. ஆனால் நான் முன்பு காட்டிய பென்சில்வேனியச் சிறுபான்மையினர் அதே சொற்றொடரை வேட்டையோடு சேர்த்து எழுதியிருக்கிறார்கள். ஆக, பேச்சுவழக்கில் இரண்டு பொருளும் இருந்தன.

நீதிமன்றங்களும் ஒரே திசையில் போகவில்லை. கென்டக்கியில் 1822-இல் பிளிஸ் என்பவர் கைத்தடிக்குள் வாளை மறைத்துச் சென்றதற்காக விதித்த தண்டனையை நீதிமன்றம் நீக்கி, மறைத்து எடுத்துச் செல்வதைத் தடுத்த 1813-ஆம் ஆண்டுச் சட்டமே செல்லாது என்றது. மாநிலத்தார் வாளாவிருக்கவில்லை, பின்னர் அரசியலமைப்பையே மாற்றி அத்தகைய தடைக்கு இடம் கொடுத்தார்கள். ஜார்ஜியா 1846-இல் நன் வழக்கில் நடுவழியில் சென்றது: மறைத்துச் செல்வதைத் தடுக்கலாம், வெளிப்படையாக எடுத்துச் செல்வதைத் தடுக்க முடியாது.

சுவடிப்பிரியன் எழுதியது:

இலக்கணக்காரன் ஐயாவின் ‘ஏந்துதல்’ கேள்விக்கு என் பங்குக்கு ஒரு சான்று. 1789 ஜூன் 8 அன்று கீழவையில் ஜேம்ஸ் மேடிசன் முன்வைத்த இந்தத் திருத்தத்தின் முதல் வரைவில் வரிசையே வேறு: மக்களின் உரிமை முதலில், குடிப்படை அடுத்து, கடைசியாக, ஆயுதம் ஏந்துவதைச் சமய மனச்சாட்சி ஏற்காதவர் எவரையும் நேரில் படைப்பணி செய்யக் கட்டாயப்படுத்தலாகாது என்ற விதிவிலக்கு. அந்த மூன்றாம் பகுதியில் ‘ஆயுதம் ஏந்துதல்’ என்பது படைப்பணியையே குறிக்கிறது. ஆகஸ்ட் 17 அன்று கீழவையில் உறுப்பினர் எல்பிரிட்ஜ் கெர்ரி அந்த விதிவிலக்கை எதிர்த்தார். யாருக்கு மனச்சாட்சித் தடை உண்டு என்று அரசே அறிவித்துவிட்டு, அவர்களை ஆயுதம் ஏந்தவிடாமல் செய்து, குடிப்படையைக் கலைத்து, அந்த இடத்தில் நிலைப்படையை நிறுத்திவிடும் என்பது அவருடைய அச்சம். அந்தப் பகுதியை நீக்கும் தீர்மானத்துக்கு ஆதரவாக 22 பேரும் எதிராக 24 பேரும் வாக்களித்ததால் அது தப்பியது, ஆனால் அடுத்த மாதம் மேலவையில் தப்பவில்லை. மேலவை அந்நாளில் கதவைச் சாத்திக்கொண்டே கூடியதால் அங்கு நடந்த விவாதம் நமக்குக் கிடைக்கவில்லை. முடிவுகள் மட்டும் குறிப்பேட்டில் இருக்கின்றன. வழக்குரைஞர் ஐயா காட்டிய ‘பொதுப் பாதுகாப்பு’ நிராகரிப்புக்கும் இதே நிலைதான்: தேவையற்றது என்று தள்ளினார்களா, தவறானது என்று தள்ளினார்களா என்று ஆவணம் சொல்லாது.

நூலகவாசி எழுதியது:

குறிப்பேட்டில் ‘ஆதலால்’ என்பதை அடித்துவிட்டு ‘இன்றியமையாததாய் இருக்க’ என்று திருத்திவிட்டேன். ‘மக்கள்’ என்ற சொல்லின் கீழ் ஒரு கோடு போட்டு, ஓரத்தில் 1723, 1777, 1857 என்று ஆண்டுகளை மட்டும் குறித்துவைத்திருக்கிறேன். அடுத்து ஐமெட், பிளிஸ் தீர்ப்புகளை முழுமையாகப் படிக்கப் போகிறேன். சந்தேகம் வந்தால் இதே இழையில் எழுதுகிறேன்.